இரண்டு முறை தீர்ந்த கல்யாணம்

சின்னப்பொண்ணுக்கும் ஜம்புலிங்கத்துக்கும் தொண்ணூற்று நான்காம் வருஷமே தீர்ந்துபோயிருந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் மீனவக் குப்பத்தில், அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊர்த் தலைவர்களான மூன்று நாட்டார்களும் இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்துக் கேட்டார்கள். பிரிகிறோம் என்று இருவரும் சொன்னார்கள். அவள் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அவன் எடுத்து மடியில் முடிந்துகொண்டான். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. நான்கு வருஷமாகப் பிள்ளையில்லை, மாமியார் வாய் ஓயவில்லை, ஜம்புலிங்கம் வாயே திறக்கவில்லை. அதுதான் நடந்தது.

அவள் மறைமலைநகரில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்தாள். கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் சமையல் வேலை கிடைத்தது. மறு வருஷமே ஜம்புலிங்கம் குப்பம்மா என்கிறவளைக் கட்டிக்கொண்டான் என்று காற்றுவாக்கில் தெரிந்தது. அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் அதே கம்பெனியில் லேத் ஓட்டும் அருணகிரி அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். மனைவியைக் காய்ச்சலில் இழந்தவன். மூன்றாவது முறை கேட்டபோது சின்னப்பொண்ணு சரி என்றாள். கல்யாணத்தைப் பதிவு செய்தால்தான் கம்பெனி மருத்துவ அட்டையில் அவள் பெயரைச் சேர்ப்பார்கள் என்பதால், என்னென்ன வேண்டும் என்று முதலிலேயே விசாரிக்க இருவரும் செங்கல்பட்டில் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும்மா ரோதனை? முதல் கல்யாணம்னே போட்டுடுறேன். யார் வந்து பாக்கப் போறா?"

சின்னப்பொண்ணு அருணகிரியைப் பார்த்தாள். அவளுக்குச் சம்மதம்தான்.

"வேணா சார். நாளைக்கு எவனாவது கம்பெனில போட்டுக் குடுத்தான்னா என் வேலை பூடும். உள்ளதச் சொல்லுவோம்" என்றான் அவன்.

உள்ளே எழுத்தர் உள்ளதைக் கேட்டார். "விவாகரத்து ஆனவங்களா? கோர்ட் தீர்ப்பு நகல் எங்க?"

"பஞ்சாயத்துல தீத்து வுட்டாங்க சார்."

"எந்தப் பஞ்சாயத்து? யூனியனா?"

"ஊர் பஞ்சாயத்து சார். குப்பத்துல."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"வாயால சொன்னாங்க. ஊரே கேட்டுகினு இருந்துச்சு."

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "ஊர் கேட்டா போதாதும்மா. கோர்ட் கேக்கணும்."

வக்கீல் கோதண்டராமனின் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்தது. நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் அவசரமில்லாமல் சொல்வார். இரண்டு வழி இருக்கிறது என்றார். உங்கள் சாதி வழக்கப்படி பஞ்சாயத்தில் தீர்த்தது செல்லும் என்று கோர்ட்டில் நிரூபிக்கலாம். அதற்குத் தீர்த்து வைத்த நாட்டார்கள் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும்.

"ரெண்டு பேரு செத்துட்டாங்க சார். மூணாமத்தவருக்குக் காது கேக்காது, நெனப்பும் இல்ல."

"அப்போ ரெண்டாவது வழிதான். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து வந்து, ரெண்டு பேருக்கும் சம்மதம், பிரிச்சு விடுங்கன்னு மனு போடணும்."

"வூட்டுக்காரர்னா?"

"ஜம்புலிங்கம்."

"அவரு எனக்கு வூட்டுக்காரர் இல்லியே சார்."

"சட்டப்படி இன்னிக்கும் அவர்தாம்மா."

"அவருக்கு வேற கல்யாணம் ஆயி மூணு புள்ளைங்க கீது சார்."

கோதண்டராமன் பேனாவை மூடி வைத்தார். "அதைக் கோர்ட்ல யாரும் கேக்காம நீங்களா சொல்லிடாதீங்க." பிறகு, "முதல்ல உங்களுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு காட்டணும். பத்திரிகை, போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார்.

இல்லாத கல்யாணத்தை முடிக்க, அது இருந்தது என்று முதலில் காட்ட வேண்டும். பத்திரிகை அன்றைக்கே அடிக்கவில்லை. ரேஷன் அட்டையில் அவள் பெயரை அடித்துவிட்டுக் குப்பம்மா பெயரை எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஒரே ஒரு போட்டோ எடுத்தார்கள். அது ஜம்புலிங்கம் வீட்டில் மாட்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் குப்பத்துக்குப் போனாள். குப்பம்மா வாசலில் சென்னாக்குன்னிப் பொடி இறாலைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் யாரென்று தெரிந்ததும் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாமே, இத்தினி வருசம் கழிச்சு?"

சின்னப்பொண்ணு சொன்னாள். கோர்ட், வக்கீல், போட்டோ எல்லாவற்றையும். சட்டப்படி இன்னும் தீரவில்லை என்று சொன்ன இடத்தில் குப்பம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

"அப்ப நா யாரு? எம் புள்ளைங்க யாரு?"

"நா ஒண்ணும் பண்ணலமே. நானும் தீந்துபூட்ச்சுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்."

ஜம்புலிங்கம் கடலிலிருந்து வரும்வரை குப்பம்மா சென்னாக்குன்னியைக் கிளறிக்கொண்டிருந்தாள், சின்னப்பொண்ணு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவன் வந்தான், கேட்டான், தலையைச் சொறிந்தான். போட்டோ எங்கே என்றதற்குச் சுவரைப் பார்த்தான். சுவரில் அவனும் குப்பம்மாவும் மாலையோடு நின்றார்கள். குப்பம்மா அந்தச் சட்டத்தை இறக்கினாள். பின்பக்கத்து ஆணிகளைக் கத்தியால் நெம்பினாள். அவர்கள் படத்துக்குப் பின்னால், ஓரம் செல்லரித்து, பழைய படம் இருந்தது. அதே ஜம்புலிங்கம், பக்கத்தில் சின்னப்பொண்ணு. புதுச் சட்டம் வாங்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே வைத்து அடைத்திருக்கிறான்.

குப்பம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள். "இத்தினி வருசமா எனக்குப் பின்னாலயே நின்னுகினு இருந்திருக்கியே" என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பி, "இந்தப் பேஜார முடிச்சுட்டு வா. நானும் வரேன். நீ பேசமாட்ட" என்றாள்.

அப்படித்தான் மூன்று பேரும் செங்கல்பட்டு சப் கோர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தார்கள்.

முதல் மனு திரும்பி வந்தது. 'பஞ்சாயத்தில் பிரிந்தனர்' என்று கோதண்டராமனின் குமாஸ்தா ஒரு வரி எழுதிவிட்டிருந்தார். ஏற்கெனவே பிரிந்தவர்களுக்கு மனு எதற்கு என்று கோர்ட் ஆபீஸில் குறிப்பெழுதித் திருப்பினார்கள். அந்த வரியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். படத்தில் தேதி இல்லை என்று ஒருமுறை, கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்த ஜம்புலிங்கத்துக்குச் சான்று சரியாக இல்லை என்று ஒருமுறை. ஒவ்வொரு முறையும் சின்னப்பொண்ணு கேன்டீனில் லீவு சொல்ல வேண்டும், ஜம்புலிங்கம் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

மனுவுக்கு எண் கொடுத்துக் கூப்பிட்ட நாளில் நீதிபதி இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். வயதானவர், தன்மையாகப் பேசினார்.

"ஏம்மா பிரியறீங்க? என்ன பிரச்சனை?"

சின்னப்பொண்ணு யோசித்தாள். பிரச்சனை செய்த மாமியார் செத்தே நான்கு வருஷம். "ஒத்து வர்ல ஐயா" என்றாள்.

"நீங்க சொல்லுங்க."

ஜம்புலிங்கம் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேருமே சாந்தமாத்தான் தெரியறீங்க. சண்டைக்காரங்க மாதிரி இல்ல. பஸ்ல ஒண்ணா வந்தீங்களா?"

"ஆமாங்க. திருக்கழுக்குன்றத்துல ஏறி..." என்று ஆரம்பித்த ஜம்புலிங்கம் சின்னப்பொண்ணின் பார்வையைக் கண்டு நிறுத்தினான். அவன் ஒன்றாக வந்தது குப்பம்மாவோடு; சின்னப்பொண்ணு மறைமலைநகரிலிருந்து வருகிறவள்.

"பாத்தீங்களா, இன்னும் ஒட்டுதல் இருக்கு. சட்டமே ஆறு மாசம் அவகாசம் குடுக்குது. சேர்ந்து வாழ முடியுமான்னு மனசு விட்டுப் பேசிப் பாருங்க."

வராந்தாவில் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த குப்பம்மா, வெளியே வந்தவர்களிடம், "இன்னா சொன்னாரு?" என்றாள்.

"ஒண்ணா வாழ்ந்து பாக்கச் சொல்றாரு" என்றாள் சின்னப்பொண்ணு. எரிச்சலில் சிரிப்பு வந்தது. குப்பம்மாவுக்கு வரவில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனபோது நீதிபதி லீவு. அடுத்த தேதியில் வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. எதற்கென்று கோதண்டராமனுக்கே சரியாகத் தெரியவில்லை. அதற்கடுத்த தேதியில் அந்த நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் இன்னும் வரவில்லை. பெஞ்ச் கிளார்க் தேதியைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். சின்னப்பொண்ணு அசையாமல் நின்றாள்.

"இன்னும் இன்னாம்மா?"

"சார், அவரும் போறேன்றாரு, நானும் போறேன்றேன். நடுவுல யாருமே வேணான்னு சொல்லல. அப்புறம் ஏன் சார் முடிய மாட்டேங்குது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏம்மா இங்க உக்காந்திருக்கேன்" என்றார் அவர். கேலி செய்வதாகத் தெரியவில்லை. அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் அருணகிரி கம்பெனி பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"அன்னிக்கே அந்த டைப் அடிக்கிறவரு சொன்ன மாதிரி முதல் கல்யாணம்னு போட்டிருக்கலாம்" என்றான்.

அவள் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். "யாரு வேணான்னது? நானா வேணான்னேன்? வேலை பூடும், வேலை பூடும்னு நீதானே சொன்ன. உன் வேலைக்குப் பயந்துகினு நா வருசக் கணக்கா எவனோ ஒருத்தன் பொண்டாட்டியா அலைஞ்சிகினு கீறேன்."

அதன்பின் இரண்டு வாரம் அவன் கேன்டீனில் வேறு வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினான். கடைசியில் அவனாகவே வந்து, "நீ சொன்னது நெசந்தான். தப்பு எம்மேல. ஆனா இப்ப வுட்டா போனதெல்லாம் வீணாப்பூடும்" என்றான். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அடுத்த தேதிக்கு ஜம்புலிங்கம் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. குப்பம்மா மட்டும் தனியாக வந்து நின்றாள். காசிமேட்டில் பெரிய போட்டில் வேலைக்குப் போயிருக்கிறான், வாரக்கணக்கில் வீட்டுக்கே வருவதில்லை என்றாள். அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் காரணம் வெளியே வந்தது. கோர்ட் வாசல் டீக்கடையில் யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்: முதல் பொண்டாட்டி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டினால் ஜெயில்; நீயே நீதிபதி முன்னால் போய் இவள் என் பொண்டாட்டி என்று சொல்லிவிட்டாய், இனி தப்ப முடியாது.

சின்னப்பொண்ணு படியேறிப் போய்க் கோதண்டராமனிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

"சட்டத்துல இருக்குதான். ஆனா பாதிக்கப்பட்டவங்க புகார் குடுக்கணும். இந்தக் கேஸ்ல அது நீங்க. நீங்க குடுக்கப் போறீங்களா?"

"நா ஏன் சார் குடுக்கறேன்?"

"அப்போ ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு விஷயம். மனு போட்டு ஒன்றரை வருஷத்துக்குள்ள ரெண்டு பேரும் வந்து சொல்லலைன்னா மனு செத்துடும். மே மாசம் கோர்ட் லீவு. ஏப்ரல் தேதிய விட்டா மறுபடியும் முதல்லேர்ந்துதான்."

முதலிலிருந்து என்ற சொல்லைக் கேட்டதும் சின்னப்பொண்ணு எழுந்துவிட்டாள். படி இறங்கி வந்து குப்பம்மாவிடம், "காசிமேட்டுக்கு வழி தெரியுமா?" என்று கேட்டாள்.

ஏலம் நடந்துகொண்டிருந்த காலை நேரத்தில் இருவரும் காசிமேடு துறைமுகத்தில் நின்றார்கள். ஐஸும் ரத்தமும் கலந்த தண்ணீர் காலடியில் ஓடியது. போட்டிலிருந்து கூடையோடு இறங்கிய ஜம்புலிங்கம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் மறுபடியும் போட்டுக்குள் ஏறப் பார்த்தான்.

"ஏறின, நானும் ஏறுவேன்" என்றாள் குப்பம்மா.

அவன் கூடையை இறக்கி வைத்தான். ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டே நின்றான். அதைப் பார்க்கப் பார்க்கச் சின்னப்பொண்ணுக்குள் பழைய கோபம் ஏறியது. இத்தனை வருஷத்தில் இல்லாத கோபம்.

"உங்கம்மா என்ன மலடின்னு ஊருக்கே சொல்லும்போதும் இப்பிடித்தான்யா நின்ன. அன்னிக்கு ஒரு வார்த்த பேசியிருந்தா இன்னிக்கு நாம மூணு பேரும் இப்பிடி நாறிகினு இருக்க வேணாம். இப்பவாவது வாயத் தொற. ஏன் வர்ல?"

அவன் லுங்கியைப் பிழிவதை நிறுத்தினான். "நா உள்ள போய்ட்டா புள்ளைங்கள யாரு பாப்பா?"

"நா புகார் குடுத்தாத்தான் நீ உள்ள போவ. நா குடுக்க மாட்டேன்."

"நாளைக்கு மனசு மாறிச்சுன்னா? எழுதிக் குடு."

"எழுதிக் குடுத்தா, நீ ரெண்டு கட்டினதுக்கு அதுவே சாட்சியாப்பூடும். வக்கீலாண்ட கேட்டுட்டேன். வாயாலதான் சொல்ல முடியும். நம்பினா வா."

மீன் கூடை தூக்குகிறவர்கள் வழி கேட்டுக் கத்தினார்கள். மூவரும் ஓரமாக நகர்ந்தார்கள். ஜம்புலிங்கம் முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். "எங்கம்மா பேசினது தப்புதான். எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான். அவள் எதிர்பார்க்காத பேச்சு அது. காலம் கடந்து வந்ததால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. "தேதிக்கு வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

வந்தான். புது நீதிபதி இளம் வயதுப் பெண். அறைக்குக் கூப்பிடவில்லை. கூண்டிலேயே கேட்டார். "இருவரும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறீர்களா? யாரும் வற்புறுத்தவில்லையே?" சம்மதம்தான், யாரும் வற்புறுத்தவில்லை என்று இருவரும் சொன்னார்கள். வேறெதையும் அவர் கேட்கவில்லை. கோதண்டராமன் இரண்டு வரி பேசினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது குப்பம்மா பிள்ளைக்கு வாங்கிய பன்னைக்கூட அது இன்னும் தின்று முடிக்கவில்லை. சின்னப்பொண்ணுக்குச் சந்தோஷம் வரவில்லை. இதற்கா இவ்வளவும் என்றுதான் இருந்தது.

உத்தரவு கோடை லீவு முடிந்து ஜூனில் வந்தது. நகல் கேட்டு மனு போட்டு, முத்திரைத்தாள் போதவில்லை என்று மறுபடி வாங்கிக் கொடுத்து, ஆகஸ்டில் கைக்குக் கிடைத்தது. ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்த அருணகிரியின் விரல் ஓரிடத்தில் நின்றது. ஜம்புலிங்கத்துக்கும் சின்னம்மாளுக்கும் நடந்த திருமணம் ரத்து செய்யப்படுகிறது என்று இருந்தது.

"சின்னம்மாள் யாரு?" என்றான்.

அவள் அந்த இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நாளில் ஒருநாளும் அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யாரோ ஒரு சின்னம்மாளுக்குத் தீர்ந்துவிட்டது. அவளுக்குத் தீரவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் ஸ்டூலை எடுத்து வந்து போட்டார். கோதண்டராமன் மாடியிலிருந்து இறங்கி வந்து, டைப் பிழைதான், திருத்த மனு போட்டால் போதும், ஜம்புலிங்கம் வர வேண்டியதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தத் திருத்தத்துக்கு மார்கழி வரை ஆனது.

தை மாதத்தில் திருப்போரூர் முருகன் கோயிலில் அருணகிரி அவளுக்குத் தாலி கட்டினான். அக்கா குடும்பமும் கேன்டீனில் கூட வேலை செய்யும் நான்கு பெண்களும் வந்தார்கள். பதிவும் ஒரே காலையில் முடிந்தது. கம்பெனி அட்டையில் அவள் பெயர் ஏறியது, எழுத்துப் பிழையில்லாமல்.

பங்குனியில் ஒருநாள் கேன்டீன் வாசலில் குப்பம்மா வந்து நின்றாள். வெயிலில் முகம் கருத்திருந்தது.

"யக்கா, உன் தீர்ப்புல ஒரு காப்பி வேணும். நா அந்தாளுக்குப் பொண்டாட்டின்னு இனிமேதான் எழுதணுமாம். முன்ன கட்டினது செல்லாதாம்."

"அவர் வராரா?"

"கோர்ட்டு, ஆபீசு, செங்கல்பட்டு, எதும் வேணாம்ன்றாரு. கடலுக்கே போய்க் கெடக்கறேன்றாரு. நா இன்னா பண்ணட்டும்? மூணு புள்ள கீது."

சின்னப்பொண்ணு அவளை உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டாள். குப்பம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். செங்கல்பட்டு என்ற பெயரைக் கேட்டாலே கால் வலிக்கத்தான் செய்தது. கோதண்டராமனின் மாடிப்படி, பெஞ்ச் கிளார்க்கின் களைத்த முகம், வராந்தாவின் மூத்திர வாடை, எல்லாம் ஒருமுறை வந்து போயின. சூப்பர்வைசரிடம் போய் மறுநாளைக்கு லீவு சொன்னாள். எதற்கென்று அவர் கேட்டார்.

"கோர்ட்டு வேலை சார்" என்றாள்.

"இன்னுமா முடியல?"

"என்து முடிஞ்சுது சார். இது வேற."